கச்சேரி கேட்கும் காதோடு வகுப்பறைக்கு

(தேசிய அறிவியல் நாளையொட்டி நடைபெற்ற அறிவியல் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துகிறவன். எனக்குப் பாடத் தெரியாது. எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. கேட்க மட்டும் தெரியும். எங்கள் பக்கத்து ஊர்களில் சுவாமி புறப்பாடு, தேர், காப்புக் கட்டு என்று எது நடந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். நல்ல நாகசுரக் கோஷ்டி வருகிறது என்று தெரிந்தால் மறுநாள் பள்ளி இருந்தாலும் நள்ளிரவு வரை நிற்பேன். வீட்டில் இதற்காக வாங்கிய வசவுகள் தனிக்கணக்கு.

அறிவியல் நாளில் கச்சேரியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். ஒலியைப் பொறுத்தவரை நம் ஊரிலேயே ஒரு பொது ஆய்வுக்கூடம் ஆண்டுதோறும் கூடுகிறது. அதற்குத் திருவிழா என்று பெயர். நம் பிள்ளைகள் அழைக்காமலேயே அங்கே போகிறார்கள். அங்கே கேட்டதை வகுப்பறைக்குக் கொண்டுவரச் செய்வதும், வகுப்பில் கற்றதை ஊருக்குக் கொண்டுபோகச் செய்வதும் நம்மால் முடியும்.

இந்த நாளுக்கு உரியவரான சர் சி.வி. இராமனிடமிருந்தே தொடங்குகிறேன். 1928 பிப்ரவரி 28 அன்று நிகழ்த்திய ஒளிச்சிதறல் கண்டுபிடிப்புக்காகத்தான் அவரை நினைக்கிறோம். ஆனால் ஒளிக்கு முன் அவர் நெடுங்காலம் ஆராய்ந்தது ஒலியை. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888-இல் பிறந்தவர். 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அலுவலகத்துக்குப் போகும் முன்பும், அலுவலகம் விட்ட பின்பும் அங்கிருந்த இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். வில் போட்டு வாசிக்கும் கம்பிக் கருவிகள், வீணை, தம்புரா, மிருதங்கம் ஆகியவை அன்று அவருடைய ஆய்வுப் பொருள்கள்.

மிருதங்கத்தில் அவர் கண்டது என்ன? ஒரே சீரான தோலை வட்டச் சட்டத்தில் கட்டித் தட்டினால் பல அதிர்வுகள் ஒரே நேரத்தில் எழும். அடிப்படை அதிர்வெண்ணை 1 என்று வைத்துக்கொண்டால் அடுத்தடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாத விகிதத்தில் வரும். அதனால்தான் சாதாரண மேளத்தில் ஓசை இருக்கும். குறிப்பிட்ட சுரம் தெளிவாகக் கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கரணை இருக்கிறது. கருங்கல் போன்ற ஒருவகைக் கல்லின் பொடியையும் சோற்றையும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய அடுக்குகளாக இட்டுத் தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய கறுப்பு வட்டம் அது. நடுவில் கனமும் ஓரத்தில் மெல்லியதுமான அந்தப் பூச்சு தோலின் அதிர்வுகளைக் கிட்டத்தட்ட 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தந்திக் கருவிக்கு இயல்பாக அமைந்த ஒழுங்கு இது. அதைத் தோல் கருவிக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். இராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் இதை ஆய்வுக் குறிப்பாக வெளியிட்டார்கள். பின்னர் இராமன் இன்னும் விரிவாக எழுதினார்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்படியென்றால் இராமன் சொல்வதற்கு முன்னாலேயே செய்தவருக்கு இது எப்படித் தெரியும் சார்?"

அந்தக் கேள்விதான் இந்த உரைக்கே வித்து. கரணை இடுகிறவர் ஒவ்வோர் அடுக்குக்கும் தட்டிப் பார்க்கிறார், கேட்கிறார், திருத்துகிறார், மறுபடி தட்டிப் பார்க்கிறார். உற்றுநோக்கல், சோதித்தல், திருத்துதல் என்று நாம் கரும்பலகையில் எழுதும் அறிவியல் முறை இதில் முழுதாக இருக்கிறது. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக அந்தக் கருவியைச் செய்துவரும் குடும்பங்களில் பல, சமூகம் ஒதுக்கி வைத்தவை. மேடையில் வாசிப்பவரின் பெயர் தெரியும். தோலைப் பதப்படுத்தியவரின் பெயர் தெரியாது. அண்மைக்காலத்தில்தான், 2020-இல், பாடகர் டி.எம். கிருஷ்ணா அந்தக் கைவினைஞர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு நூல் எழுதினார்.

நாகசுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் பக்கத்தில் உள்ள நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். புது மரம் ஆகாது என்று, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரங்களைத் தேடிப் போய் வாங்குவார்கள். பல காலம் காய்ந்த மரம் பிறகு வளையாது, வெடிக்காது. நீளம் குறைந்த திமிரிக்கு உச்சமான சுருதி; நீளமான பாரிக்குத் தாழ்ந்த சுருதி. காற்றுத் தம்பம் நீண்டால் அதிர்வெண் குறையும் என்று நாம் படம் வரைந்து நடத்துகிற பாடம், இரண்டு கருவிகளை அருகருகே வைத்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை பாரியைக் கையில் எடுத்த பிறகு அந்தத் தாழ்ந்த சுருதிதான் நாகசுரத்தின் குரல் என்று ஊரே பழகிவிட்டது. ஒரு கலைஞரின் காதும், ஆசாரியின் உளியும், குழாயின் நீளமும் சேர்ந்து ஓர் இசையின் போக்கை மாற்றியிருக்கின்றன.

ரசிகனாக ஒன்று சொல்கிறேன். நாகசுரத்தைத் தெருவில், ஒரு நாற்பது அடி தள்ளி நின்று கேட்க வேண்டும். திறந்த வெளிக்கென்றே பிறந்த கருவி அது. சீவாளியின் இரட்டை நாக்கு எழுப்பும் வலுவான மேற்சுரங்கள் கூட்டத்தின் இரைச்சலைத் துளைத்துக்கொண்டு வரும். அதைச் சிறிய திருமண மண்டபத்துக்குள், ஒலிவாங்கியை அணசுக்கு முன்னால் நட்டுவைத்துக் கேட்கச் சொல்கிறார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு பேசக்கூட முடிவதில்லை. பிறகு நாகசுரமே சத்தம் என்று பிள்ளைகள் சொன்னால் குற்றம் கருவியுடையதல்ல.

இனி எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒலிப்பாடம் நடந்தபோது ஒரு கேள்வி கேட்டேன். "பறையை அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தீயில் காட்டுகிறார்களே, எதற்கு?" பிள்ளைகள் ஏதேதோ சொன்னார்கள். சாமிக்குக் காட்டுவது என்றான் ஒருவன். தோலில் பூச்சி இருக்கும் என்றான் இன்னொருவன். பறை அடிக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் அந்த வகுப்பில் இருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். விடை அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். கேட்கவில்லை. மறுநாள் அறிவியல் பெட்டியில், அதாவது எங்கள் வகுப்பில் கேள்விகளையும் பதில்களையும் எழுதிப் போடும் அட்டைப்பெட்டியில், பெயர் போடாத ஒரு தாள் இருந்தது. "தோல் ஈரம் வாங்கினால் தொய்ந்துபோகும். தீயில் காட்டினால் ஈரம் போய் இறுகும். அப்போதுதான் கணீர் என்று பேசும். பனி நேரத்தில் அடிக்கடி காட்ட வேண்டும்."

இதைவிடச் சரியான விடையை எந்தக் கையேட்டிலும் காட்ட முடியாது. அதன் மேல் நான் எழுதியது ஒரே வரி: இழுவிசை 4 மடங்கானால் அதிர்வெண் 2 மடங்காகும்.

அவனுடைய அப்பாவைப் பள்ளிக்கு அழைத்தேன். "சாவுக்கு அடிக்கிற மோளம் சார், பள்ளிக்கூடத்துக்குள்ள எதுக்கு?" என்று தயங்கினார். உள்ளூர்த் தவில் வித்வானையும் அதே நாளில் அழைத்திருப்பதாகச் சொன்னேன். இருவருக்கும் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மேசை. பெற்றோர் ஒருவர் வந்து தலைமையாசிரியரிடம் முறையிட்டார். "பாடப் புத்தகத்தில் தோல் கருவிகள் இருக்கிறது, பாருங்கள்" என்று தலைமையாசிரியர் புத்தகத்தைப் பிரித்துக் காட்டி அனுப்பிவிட்டார். அன்று அடிக்குச்சிக்கும் சிண்டுக்குச்சிக்கும் ஓசை எப்படி வேறுபடுகிறது, தவில்காரர் விரல்களில் கூடு மாட்டிக்கொள்வது ஏன் என்று பிள்ளைகள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அந்தத் தாளை எழுதியவன் அன்று முன்வரிசையில் உட்கார்ந்தான்.

அடுத்த கட்டமாகத் திருவிழாவுக்கே போனோம். எங்கள் ஊரில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள். ஒரே பாட்டு இரண்டு தடவை, சில இடங்களில் மூன்று தடவை கேட்கும். "ஏன்?" என்று கேட்டு விட்டுவிட்டேன். பிள்ளைகள் கம்பங்களுக்கு இடையே காலடியால் அளந்தார்கள். மின்சாரம் கம்பி வழியே நொடிப்பொழுதில் எல்லாக் குழாய்க்கும் போய்விடுகிறது. ஒலியோ நம் ஊர் வெயிலில் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர்தான் போகும். 175 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் பாட்டு நம் காதுக்கு அரை நொடி பிந்தி வருகிறது. வேறு கருவி எதுவும் வேண்டாம். வாணவேடிக்கை வெளிச்சத்தைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி, சத்தம் கேட்கும்போது நிறுத்தினால், 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று தொலைவையும் சொல்லிவிடலாம்.

"பக்கத்து ஊர்ப் பாட்டு பகலில் கேட்பதில்லை, ராத்திரியில் மட்டும் ஏன் சார் தெளிவாகக் கேட்கிறது?" என்பது இன்னொரு கேள்வி. ஊர் அடங்கிவிடுவது ஒரு காரணம். இன்னொன்று காற்றின் வெப்பம். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும், மேலே போகப் போகக் குளிர்ந்தும் இருக்கும். சூடான காற்றில் ஒலி விரைந்து செல்வதால் அலை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். தெளிந்த இரவில் தரை முதலில் குளிர்ந்துவிடுகிறது. மேலே உள்ள காற்று அதைவிட வெப்பமாக இருக்கிறது. அப்போது அலை கீழ்நோக்கி வளைந்து வயல்களைத் தாண்டி வந்து சேர்கிறது. ஒளிவிலகலை நடத்தும்போது இந்த எடுத்துக்காட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது மகிழ்ச்சியான பகுதி. அடுத்தது கவலைக்குரியது.

குழாய்களின் இடத்தை இப்போது ஆளுயரப் பெட்டிகள் பிடித்துவிட்டன. ஆடல் பாடல் நிகழ்ச்சியில் மேடை ஓரத்துப் பெட்டிக்கு முன்னால் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகள்தான். நெஞ்சு அதிர்வது அவர்களுக்கு வேடிக்கை. மறுநாள் வகுப்பில் "காதுக்குள் கொய்ங்குன்னு கேக்குது சார்" என்பார்கள். உட்காதின் நத்தை எலும்பில், ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்கு எடுத்துச் சொல்பவை அவை. அடிபட்டு இறந்துபோனால் மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. அந்தக் கொய்ங் சத்தம் அவற்றின் முறையீடு.

டெசிபல் கணக்கை இங்கேதான் நடத்த வேண்டும். 80-க்கும் 100-க்கும் சிறு வித்தியாசம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியாற்றல் 10 மடங்கு கூடுகிறது. ஆகவே 100 டெசிபல் என்பது 80 டெசிபலைப் போல 100 மடங்கு. பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு அது 75 டெசிபல். அப்படியானால் பெரியவர்களுக்கு 90 டெசிபல் எவ்வளவு நேரம்? பத்தில் ஒரு பங்கு, 4 மணி நேரம். 100 டெசிபல்? அதிலும் பத்தில் ஒரு பங்கு, அரை மணிக்கும் குறைவு. வாரம் முழுவதற்குமான அளவு ஒரு குத்துப்பாட்டு வரிசையில் தீர்ந்துபோகும். இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று அதே நிறுவனம் 2022-இல் ஒரு வரையறை வெளியிட்டது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கைபேசிச் செயலியை வைத்து ஊரின் ஏழெட்டு இடங்களில் ஒலியளவு எடுத்தார்கள். கைபேசி காட்டும் எண் துல்லியமானதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இடத்துக்கு இடம் ஒப்பிட அது போதும். மேடைப் பெட்டி அருகே எண் மூன்று இலக்கத்தில் நின்றது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பதைத் தாங்களே கண்டார்கள். 2 மீட்டரில் நிற்பவர் 8 மீட்டருக்குப் போனால் 12 டெசிபல் மிச்சம். காசு செலவில்லாத காதுக் காப்பு இது.

அது மாசி மாதம். பங்குனியில் பொதுத்தேர்வு. நாம் எல்லோரும் ஆண்டுதோறும் படுகிற பாடுதான். சத்தத்தைக் குறையுங்கள் என்று தனியாளாகப் போய்க் கேட்டால் சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்பவன் என்ற பெயர்தான் மிஞ்சும். இந்த முறை பிள்ளைகள் வரைந்த ஊர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு விழாக் குழுவிடம் போனோம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகள், கைக்குழந்தை உள்ள வீடுகள், முதியோர் உள்ள வீடுகள், ஒவ்வொரு பெட்டியும் எந்தப் பக்கம் பார்க்கிறது என எல்லாம் வண்ணத்தில் இருந்தன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளையும் ஒரு தாளில் எழுதியிருந்தார்கள்: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது.

குழுவின் பெரியவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "வாத்தியாரே, திருவிழாவுக்கு நள்ளிரவு வரைக்கும் அரசாங்கம் தளர்வு குடுக்குதுல்ல?" என்றார். உண்மைதான். ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆமாம் என்றேன். அந்த நேர்மைதான் பேச்சைத் தொடர வைத்தது என்று நினைக்கிறேன். முடிவில் மூன்று செய்தார்கள். படிக்கும் பிள்ளைகள் இருந்த தெருவைப் பார்த்த இரண்டு பெட்டிகளைத் திருப்பினார்கள். மேடைப் பெட்டிகளுக்கு முன்னால் கயிறு கட்டிப் பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்தார்கள். பத்து மணிக்கு மேல் பாட்டை நிறுத்திவிட்டு, நாகசுரமும் தவிலும் மட்டும் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்கச் சொன்னார்கள். கடைசி நாள் ஆடல் பாடலில் இதில் எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு இரவுகள் ஊர் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியது. ரசிகனாகிய எனக்கு அந்த இரண்டு இரவுகளின் நாகசுரம் பெரிய விருந்து.

பொது அறிவியல் என்றால் விஞ்ஞானி மேலே நின்று சொல்ல, மக்கள் கீழே உட்கார்ந்து கேட்பது என்று நினைத்துவிடுகிறோம். மிருதங்கம் செய்பவரின் கைவினையிலிருந்து இராமன் கற்றிருக்கிறார். பறைக் கலைஞரிடம் என் வகுப்பு கற்றது. வகுப்பின் வரைபடத்திலிருந்து விழாக் குழு கற்றது. அறிவு இப்படி எல்லாத் திசையிலும் போய்வரும்போதுதான் அது பொதுவாகிறது.

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது முதல் செய்து பார்க்கும் அறிவியலுக்கு நமக்கு நேரமும் வாய்ப்பும் கிடைத்திருக்கின்றன. அதற்கேற்ற சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

உங்கள் ஊரில் வாத்தியம் செய்பவர், பழுது பார்ப்பவர், வாசிப்பவர் யார் யார் என்று மாணவர்களைக் கொண்டு ஒரு பட்டியல் எடுங்கள். எந்தக் கருவிக்கு என்ன மரம், என்ன தோல், மழைக்காலத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவர்கள் அனுமதித்தால் பெயரையும் எழுதுங்கள். அவர்களைப் பள்ளிக்கு அழைத்தால் அறிவியல் வகுப்புக்கு அழையுங்கள். ஆண்டு விழாவில் வரவேற்பு மேளம் வாசிக்க மட்டும் அழைத்து அனுப்பிவிடாதீர்கள். திருவிழாவுக்குப் போகும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியையாவது கொடுத்து அனுப்புங்கள்; திரும்பி வரும்போது இரண்டு கேள்வியோடு வருவார்கள். பெட்டியிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி நில் என்பதைச் சாலை விதியைப் போலச் சொல்லிக்கொடுங்கள். தள்ளி நிற்க நிற்க நல்லது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். காது கொய்ங் என்றால் மறுநாள் மறைக்காமல் வந்து சொல்லச் சொல்லுங்கள். வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பதில் சொல்லாத பிள்ளைக்குப் பாடம் புரியவில்லையா, காது கேட்கவில்லையா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

உங்கள் பகுதியில் அடுத்த திருவிழா என்றைக்கு என்று இன்று வீட்டுக்குப் போனதும் விசாரியுங்கள். பாடத்திட்டத்தில் அந்தத் தேதிக்கு முன்னால் ஒலிப்பாடத்தை நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.